படத்தில் ஒன்றும் இல்லை

அண்ணனும் நானும் ஒரே வண்டியில் ஒன்றரை வருஷம் வேலைக்குப் போய்வந்தோம். அதில் எந்த நாளிலிருந்து அவனைப் பிடிக்காமல் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவன் முதுகைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. பின்சீட்டில் உட்காருகிறவனுக்குப் பார்ப்பதற்கு முதுகைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

எங்களுக்குச் சிங்காரப்பேட்டைப் பக்கம் ஊர். அப்பா போய்ச் சேர்ந்தபிறகு அம்மாதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தான். நான் ஐடிஐ முடித்ததும் அவன்தான் சூப்பர்வைசரிடம் பேசி என்னை அங்கேயே டிரெயினியாகச் சேர்த்துவிட்டான். அதை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

தங்கியது சூளகிரியில், அவனோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டு மாடியில் ஓர் அறை. அங்கிருந்து ஓசூருக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போகவேண்டும். அந்தச் சாலையை அப்போது நாலு வழியாக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி தூரம் தோண்டிப் போட்டிருக்கும், பாதி தூரம் ஜல்லி. லாரிகள் போய்ப் போய் மாற்றுப்பாதையெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. வண்டி குதிக்காமல் பத்தடி போகமுடியாது.

முதல் தடவை அது நடந்தது பேரண்டப்பள்ளி தாண்டி. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். கொஞ்ச தூரம் போய் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினான். யார் மேலாவது ஏற்றிவிட்டேனா என்று கேட்டான். பள்ளம்தான் என்றேன். நீ பார்த்தியா என்றான். பார்த்தேன் என்றேன். அப்படியும் அவனுக்கு ஆறவில்லை. திருப்பிக்கொண்டு போய்ப் பள்ளத்தைப் பார்த்தோம். பள்ளம்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே கிளம்பினோம். அன்றைக்குச் சிரித்தேன்தான்.

ஒரு மாதத்தில் அது தினமும் ஆனது. பிறகு ஒரே பயணத்தில் மூன்று தடவை, நாலு தடவை. நடுவில் தடுப்பு கட்டியபிறகு திரும்ப வேண்டுமென்றால் அடுத்த இடைவெளி வரைக்கும் போய்த்தான் திரும்பவேண்டும். மறுபடி சரியான பக்கத்துக்கு வர, பின்னால் இன்னொரு இடைவெளி. அதற்குள் அவனுக்கு எந்தப் பள்ளம் என்று சந்தேகம் வந்துவிடும். பள்ளத்தைப் பார்த்தால் போதாது, பக்கத்துப் புதரைப் பார்க்கவேண்டும். அடிபட்டவர் உருண்டு போயிருக்கலாம் என்பான். புதரில் யாருமில்லை என்றால், அதற்குள் யாராவது தூக்கிப் போயிருப்பார்கள் என்பான்.

என் வேலை பதில் சொல்வது. ஒவ்வொரு குதிப்புக்கும் அவன் தலையைக் கொஞ்சம் திருப்புவான், நான் உடனே "யாரும் இல்லண்ணா" என்று சொல்லவேண்டும். ஒரு மூச்சு தாமதமானால் வண்டி நின்றுவிடும். சலிப்போடு சொன்னாலும் நிற்கும். சலித்துக்கொண்டு சொன்னால் பார்க்காமல் சொல்வதாக அவனுக்குத் தோன்றும். நல்லவிதமாக, பார்த்துவிட்டுச் சொல்கிற குரலில் சொல்லவேண்டும். காலையில் ஆரம்பித்து கம்பெனி கேட் வரைக்கும் நான் அந்தக் குரலில் பேசினேன். வேறு யாரிடமும் அவ்வளவு மரியாதையாக நான் பேசியது கிடையாது.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று பின்னால் என் மனைவி கேட்டாள். போய்ப் பார்த்தேன். நான் ஏறாவிட்டால் அவன் வண்டியை எடுக்கமாட்டான், அறையிலேயே உட்கார்ந்துவிடுவான். அம்மா எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்காரர் நம்பருக்குக் கூப்பிட்டு அழுவார். அண்ணனை விட்டுவிட்டுப் போகிறாயாமே என்பார். திரும்பவும் ஏறி உட்கார்ந்தேன்.

டிரெயினிங் முடிந்து எங்கள் பேட்ச்சில் ஆட்களை நிரந்தரமாக்கியபோது என் பெயர் வரவில்லை. சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டைக் காட்டினார். தாமதம், தாமதம் என்று சிவப்பாக இருந்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் மேலே என்ன பேசுவது என்றார். அண்ணனுக்கும் அதே சிவப்புதான். ஆனால் அவன் நிரந்தரம், யூனியன் இருந்தது, அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விட்டது. எனக்கு இன்னொரு வருஷம் டிரெயினி என்றார்கள்.

அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த வருஷம் ஆகிவிடும்டா என்றான். அப்புறம் வண்டியை எடுத்தான். கம்பெனி கேட்டைத் தாண்டி முதல் வேகத்தடையில் தலையைத் திருப்பினான்.

அதற்கு நாலு நாள் கழித்து நான் செய்ததை எந்தக் கோபத்தின் தலையிலும் போடமுடியாது, ராத்திரி தூங்கி எழுந்து, பல் விளக்கி, யோசித்துத்தான் செய்தேன். வழக்கம்போல ஓர் இடத்தில் வண்டி குதித்தது. அவன் திரும்பினான். நான் வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்தேன். பிறகு, "தெரியலண்ணா. என்னவோ விழுந்த மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அவன் காலை ஊன்றி நின்றான். எனக்கு வேலைக்கு நேரமாகிறது, நீ போய்ப் பார் என்று இறங்கிக்கொண்டேன். அவன் திரும்பிப் போனான். பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் ஏறி நான் நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் அறைக்கு வந்தபோது வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததாம். மதியத்துக்கு மேல் அண்ணன் அங்கே போய், நெடுஞ்சாலையில் ஒருவரை அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். நான் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பேன்ட் முழங்கால் வரைக்கும் முள். ஏட்டு வயதானவர், கத்தவில்லை. பக்கத்து ஸ்டேஷன்களுக்கு இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டாராம், ஆஸ்பத்திரியிலும் விசாரித்தாராம். அந்தப் பக்கம் இன்றைக்கு ஒரு விபத்தும் இல்லை. அதை இவன் நம்பமாட்டேன் என்கிறான், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறான் என்றார். என்னை வெளியே கூட்டிப்போய், "இவனுக்கு ஸ்டேஷன்ல வேலையில்ல தம்பி. மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.

சரி சார் என்றேன். காலையில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றுதான். விழுந்தது ஆம்பளையா, பொம்பளையா. நான் ஒன்றும் பார்க்கவில்லை, உன் மேல் இருந்த ஆத்திரத்தில் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான்.

"நான் பயப்படுவேன்னு இப்ப மாத்திச் சொல்ற" என்றான்.

நான் சொன்ன உண்மையை அவன் கடைசி வரை நம்பவில்லை. காலையில் சொன்ன பொய் மட்டும் அவனிடம் தங்கிவிட்டது.

ஓசூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அதற்குப் பெயர் சொன்னார், ஓசிடி. சந்தேகம் திரும்பத் திரும்ப வரும், சரிபார்த்தால் கொஞ்ச நேரம் அடங்கும், அப்படிப் பார்க்கப் பார்க்க இன்னும் வளரும் என்றார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னதும் அதற்குத் தீனிதான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒன்றரை வருஷம் வேலையைக் கெடுத்துக்கொண்டு நான் செய்தது அதுதான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே ஒரு பெண் டாக்டர் எங்களோடு வெகுநேரம் பேசினார். தமிழில்தான் பேசினார், கொஞ்சம் கன்னடம் கலந்து. இந்த நோய் உள்ளவர்களின் மூளையைப் படம் எடுத்து அவர்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் மாத்திரை ஆரம்பிக்காத ஆட்கள் வேண்டும். இஷ்டமிருந்தால் மாத்திரைக்கு முன்னால் ஒரு ஸ்கேன், சில மாதம் கழித்து இன்னொன்று. நோய் இல்லாத கூடப்பிறந்தவர்களையும் எடுத்துப் பார்க்கிறோம், ஒரே ரத்தத்தில் ஒருவருக்கு வந்து ஒருவருக்கு வராதது ஏன் என்று தெரியவேண்டும், தம்பியும் வந்தால் நல்லது என்றார். வராவிட்டாலும் வைத்தியத்தில் ஒன்றும் குறையாது என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் உடனே சரி என்றேன். அவன் மேல் அக்கறையில் இல்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவனுடையது கெட்டது, என்னுடையது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம், சூப்பர்வைசரிடம்கூடக் காட்டலாம். அந்த ஆசையில்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்கேன் அன்று இரும்பு, வெள்ளி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். அண்ணன் அரைஞாணை அவிழ்த்துத் தரும்போது டாக்டரிடம் மெதுவாகக் கேட்டான். "மேடம், உள்ள நான் நினைக்கிறது படத்துல தெரியுமா?"

நினைப்பது தெரியாது, எந்தப் பகுதி எப்போது அதிகமாக வேலை செய்கிறது என்று மட்டும்தான் தெரியும் என்றார் அவர். அண்ணன் முகம் தொங்கிவிட்டது. அது ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு நெடுஞ்சாலையில் யாரையாவது கொன்றானா இல்லையா என்று அந்த மெஷினாவது பார்த்துச் சொல்லிவிடும் என்று அவன் நினைத்திருந்தான்.

அவன் முதலில் போனான், நான் பிறகு. குழாய் மாதிரி இருந்த மெஷினுக்குள் தலையை அசைக்காமல் படுக்கவேண்டும். எங்கள் பிரஸ் ஷாப்பில் ஓடுகிற மாதிரி டங் டங்கென்று சத்தம். முகத்துக்கு மேலே சின்னக் கண்ணாடியில் படங்கள் வந்தன. அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பட்டனை அழுத்தவேண்டும். நடுவில் குறி மாறும், அப்போது அழுத்தக் கூடாது. நான் நிறைய தப்பு செய்தேன். வெளியே வந்தபோது அண்ணன் அத்தனையும் சரியாக அழுத்தியிருக்கிறான், ஆனால் மெதுவாக என்று சொன்னார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம். கன்னட நோட்டீஸ்கள் ஒட்டிய ஒரு சின்ன அறை. டாக்டர் இரண்டு உறையைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நார்மல்.

அப்படியானால் எனக்கு நோயே இல்லையா என்று அண்ணன் கேட்டான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த ரிப்போர்ட் கட்டி, அடைப்பு, ரத்தக்கசிவு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது. அதெல்லாம் இல்லை, அது நல்ல செய்தி. ஓசிடி இந்த மாதிரி ஒரே ஒருவருடைய படத்தில் தெரியாது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பகுதியும் மூளைக்கு நடுவே ஆழத்தில் இருக்கிற பகுதிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற விதம் மாறியிருக்கிறது என்று நினைக்கிறோம். அது நிறையப் பேருடைய படங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும். "இந்தப் பேப்பரை வெச்சு உங்களுக்கு நோய் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க சொன்னதை வெச்சுத்தான் நோயைக் கண்டுபிடிச்சோம், அது உண்மை" என்றார். மாத்திரை எழுதினார். அதோடு வாரம் ஒருமுறை வந்து பயிற்சி எடுக்கவேண்டும், பயந்தாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்கிற பயிற்சி என்றார்.

அண்ணன் அதையே நாலு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் ஊருக்குப் போனேன். அண்ணனுடைய படத்தை எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவுக்கு அதில் என்ன தெரியும். சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாக வட்டங்கள். இது உன் மகன் தலை, பெங்களூரில் பெரிய மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டார்கள் என்றேன்.

"என்னாடா சொல்றாங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கு. நார்மல். எனக்கும் அதேதான். நோயும் கிடையாது ஒண்ணும் கிடையாது. இத்தன நாளும் வேணும்னே பண்ணியிருக்கான்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் என்னவோ உருட்டினார். அண்ணனுக்குக் காவேரிப்பட்டினத்தில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று பேச்சு கிளம்பினால் அது நின்றுபோகும் என்ற பயம் அவருக்கு ஏற்கனவே இருந்தது. நான் சொன்னது அவருக்கு வசதியாகிவிட்டது. மூன்றாம் நாள் பஸ் ஏறிச் சூளகிரிக்கு வந்தார். படத்திலேயே ஒன்றும் இல்லையாமே, அப்புறம் உனக்கு எதற்கு மாத்திரை, தம்பி வேலையையும் கெடுத்துவிட்டாய் என்று அண்ணனை நிற்கவைத்துக் கேட்டார். மாத்திரை அட்டைகளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். டாக்டர் சொன்னதை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தான். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

அவன் சந்தேகப்படுவதற்கே பிறந்தவன். டாக்டர் சொன்னதைத் தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். மாத்திரையையும் பயிற்சியையும் விட்டான். இரண்டு மாதத்தில் வண்டியைத் தொடவே பயந்தான். பஸ்ஸில் போனாலும் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவான், பஸ் யாரையாவது ஏற்றிவிட்டதா என்று. அப்புறம் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். வண்டி எனக்கு வந்தது. சூளகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓட்டிக்கொண்டு போன அந்த முதல் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தோஷமாக இருந்தேன்.

சில மாதம் கழித்துப் பெங்களூர் டாக்டர் என் செல்லுக்குக் கூப்பிட்டார். அண்ணன் ஏன் வரவில்லை, மாத்திரையை நிறுத்தியது யார் என்று கேட்டார். அவனே நிறுத்திவிட்டான் மேடம் என்றேன். எங்கள் ஊர் விலாசத்தைக் கேட்டார். கொடுக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை, கொடுத்துவிட்டேன்.

அவர் போட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் தனியாக, இரண்டு பஸ் மாறி, பெங்களூர் போயிருக்கிறான். அங்கிருந்து திரும்பும்போது நேராக என் அறைக்கு வந்தான். மதிய நேரம், எனக்கு வார விடுமுறை. இளைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"ஆமா."

"உனக்குப் புரிஞ்சுதா?"

புரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவனுக்கும் அதுதான் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு என்னவோ அன்றைக்கு அவனிடம் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"புரிஞ்சுது. புரிஞ்சுதான் அம்மாகிட்ட அப்படிச் சொன்னேன். நான் பெர்மனன்ட் ஆகாம போனது உன்னால."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். அவன் அலமாரியைத் திறந்து அவனுடைய உறையை மட்டும் எடுத்துக்கொண்டான். "நீ பெர்மனன்ட் ஆகாம போனது உண்மை. அதுக்கு என்னை நாலு பேர் முன்னால செருப்பால அடிச்சிருக்கலாம் நீ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

மறுபடி மாத்திரை ஆரம்பித்தான். வாரா வாரம் பயிற்சிக்குப் போனான். அவனை வண்டி ஓட்டவிட்டு, குதித்தாலும் திரும்பக் கூடாது, யாரையும் கேட்கவும் கூடாது என்று பழக்கினார்களாம். முதல் நாட்களில் வாந்தி எடுத்தானாம். எல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது ஸ்கேனுக்கு நானும் வருகிறேன் என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டு லீவுகூடச் சொல்லிவைத்திருந்தேன். முந்தின நாள் அவர் கூப்பிட்டு, உங்கள் அண்ணன் வேண்டாம் என்கிறார், அவர் சம்மதம் முக்கியம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் வந்தது.

முழுக்கக் குணமாகவில்லை, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது என்றார் அம்மா. கிருஷ்ணகிரி பக்கத்தில் கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். காவேரிப்பட்டினத்துப் பெண்ணிடம் தானே போய் நோயைச் சொல்லி, அவள் சரி என்ற பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணத்தில் என்னைத் தம்பி என்று அறிமுகப்படுத்தினான், அதோடு சரி. நான் வேறு கம்பெனிக்கு மாறி அங்கே நிரந்தரமானேன்.

மன்னிப்புக் கேள் என்று என் மனைவி சொல்கிறாள். கேட்கலாம். கேட்கப் போகும்போதெல்லாம் அந்த வருகைப் பதிவேடு ஞாபகத்துக்கு வந்து, அவனும் ஒரு தடவை என்னிடம் கேட்கட்டுமே என்று நின்றுவிடுகிறேன். அவன் நோயாளி, நான் நோயாளி இல்லை. இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் எழுதாத வித்தியாசம் அதுதான், அதைத் தெரிந்தே நான் அவனை நடுரோட்டில் விட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்க இரண்டு பேரும் இருக்கவேண்டி வந்தது. அம்மாவுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். நிலத்துப் பட்டாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். நாலு மணி வாக்கில் அவன் வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை அம்மா கையில் பத்திரமாகப் பிடிக்கவைத்தான், மற்றதை நின்றபடி குடித்தான். நான் எழுந்து போய் எனக்கு ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.